கோளாறு இல்லாத கேமரா

1. முதல் நாள்

சேலத்தில் ஒரு கேமரா கடையில் முப்பது வருடம் கவுண்டர் பார்த்தேன். இப்போது ஓய்வு. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்று சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து பழக்கமில்லை. பில் எழுதிய கைதான். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்தது ஃபிலிம் காலத்தில். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. சூரமங்கலம் குவார்ட்டர்ஸிலிருந்து டவுன் பஸ் பிடித்துக் கடைக்கு வந்த முதல் நாள், காலை பத்தரை மணிக்கு ஒருவர் வந்து லென்ஸ் கேட்டார். எடுத்து வைத்தேன்.

"சார் இல்லையாம்மா?" என்றார்.

"நானே காட்டுறேன் சார்."

"நீ தொடச்சு வைம்மா. சார் வரட்டும்."

முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருந்தார். முதலாளி வந்து, நான் சொல்லியிருக்கக்கூடிய அதே நான்கு விஷயங்களைச் சொன்னார். மனிதர் மறுபேச்சு பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு முகம் கறுத்துவிட்டது. முதலாளி கவனித்துவிட்டார்.

"ரெஜினா, நீ வாயால சொன்னா இவனுங்க கேக்க மாட்டானுங்க. டெஸ்ட் பண்ணிக் காட்டு. படத்தைப் பாத்தா வாயை மூடிக்குவானுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே செய்தித்தாளின் வரி விளம்பரப் பக்கம் ஒன்றை எதிர்ச் சுவரில் ஒட்டினேன். மணமகள் தேவை, மணமகன் தேவை எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும் பக்கம். எந்த லென்ஸ் விற்றாலும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, நான்கு மூலையிலும் எழுத்து தெளிவாக விழுகிறதா என்று காட்டிவிட்டுத்தான் கொடுப்பேன். ஃபிலிமில் கழுவி எடுக்க மறுநாள் ஆகும். டிஜிட்டல் வந்த பிறகு அரை நிமிடம். பக்கம் மஞ்சளடித்தால் புதிதாக ஒட்டுவேன். நாளடைவில், "ரெஜினாக்கா டெஸ்ட் பண்ணிக் குடுத்த பீஸ்" என்றால் பழைய கேமரா மார்க்கெட்டில் ஒரு மரியாதை வந்தது. சார் எங்கே என்று கேட்பதும் நின்றது.

டெஸ்ட்டை நான்தான் செய்வேன். பில் போடும் வரை வாடிக்கையாளர் கையில் பொருளைக் கொடுக்க மாட்டேன். ஒருமுறை ஒருவர் புது லென்ஸைத் தரையில் போட்டு உடைத்ததிலிருந்து அந்தக் கட்டுப்பாடு. இதில் ஒரு ஓட்டை இருந்தது. அது எனக்குத் தெரிவதற்குள் ஒரு மனிதர் தனக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

2. பாடியா, லென்ஸா

கல்யாண போட்டோகிராபர்கள் தொல்லை தர மாட்டார்கள். தேவை தெரிந்து வருவார்கள், எடுத்துக்கொண்டு போவார்கள். ஹாபிக்காரர்கள்தான் கஷ்டம். ஆறு மாதம் வீடியோ பார்த்துவிட்டு, என்னைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டு, ஒரு முடிவுக்கும் வராமல் வந்து நிற்பார்கள்.

கேமராவில் சிஸ்டம் என்பது கொஞ்சம் வில்லங்கமான சமாச்சாரம். ஒவ்வொரு கம்பெனிக்கும் லென்ஸ் மாட்டும் வளையம் வேறு. அதற்கு மவுண்ட் என்று பெயர். ஒன்றின் லென்ஸ் இன்னொன்றின் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், உட்காராது. நடுவில் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆனால் கொஞ்சம் வேகம் குறையும். ஆகவே பாடியை மாற்றுவது என்றால் கையில் இருக்கும் லென்ஸ் எல்லாவற்றையும் என்ன செய்வது என்ற கேள்வி வந்துவிடும். ஆத்தூர் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்த ஒருவர் மூன்று வருடத்தில் மூன்று சிஸ்டம் மாற்றினார். மூன்றிலும் அவர் எடுத்தது வீட்டு நாயை மட்டும். நாய் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

நான் எல்லோரிடமும் மூன்று கேள்வி கேட்பேன். எதைப் படம் எடுப்பீர்கள்? எவ்வளவு எடை தூக்குவீர்கள்? வீட்டில் என்ன லென்ஸ் இருக்கிறது? பதிலைக் கேட்டுவிட்டு, பாடியில் காசைக் கொட்டாதீர்கள், லென்ஸில் போடுங்கள் என்பேன். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

3. செங்கோட்டுவேல்

செங்கோட்டுவேல் நாமக்கல் பக்கம். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். நாற்பத்தெட்டு, ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, பையில் டேப், காதில் எப்போதும் பென்சில். பட்டறைக்குத் தகரம் வாங்க சேலம் வரும்போது கடைக்கு வருவார். வலது கண்ணில் பார்வை கிடையாது. பல வருடத்துக்கு முன் கிரைண்டர் பிடித்தபோது தகரத் துணுக்கு தெறித்துப் போனது. இதை முதல் சந்திப்பிலேயே, லென்ஸ் விலை விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"ஏனுங்கக்கா, ஒத்தக் கண்ணுக்காரனுக்குப் போட்டோ எதுக்குன்னு நெனைக்காதீங்க. போட்டோ புடிக்கறவங்க எல்லாருமே ஒத்தக் கண்ணுலதானுங்களே பாக்கறாங்க."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தப் பேச்சால்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூசூர் ஏரிக் கரையில் போய் நிற்பார். கூழைக்கடா, மீன்கொத்தி, கம்பியில் உட்காரும் பஞ்சுருட்டான். கையில் ஒரு பழைய கண்ணாடி கேமரா, அதாவது உள்ளே கண்ணாடி மடங்கி எழும் டி.எஸ்.எல்.ஆர். அதோடு இரண்டு லென்ஸ். படங்களைக் காட்டினார். நன்றாகவே இருந்தன. மீன்கொத்தியின் அலகில் இருந்த தண்ணீர்ச் சொட்டு வரைக்கும் தெரிந்தது.

அவர் கேள்வி இதுதான். அதே மவுண்ட்டில் புது பாடி வாங்கி, இரண்டு லென்ஸையும் வைத்துக்கொள்வதா? இல்லை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, உள்ளே கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் சிஸ்டத்துக்குப் போவதா? நான்கு முறை இதற்காகவே வந்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதி வைத்திருந்தார். லாரி பாடிக்கு மதிப்பீடு எழுதுகிற நோட்டு அது.

மிரர்லெஸ்ஸுக்குப் போகச் சொன்னது நான். காரணமும் சொன்னேன். எடை குறைவு, சத்தம் வராது, பறவை பறக்காது. முக்கியமாக, விடியற்காலை மங்கலில், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே வெளிச்சம் கூட்டிக் காட்டும், இருக்கிற ஒரு கண்ணுக்குச் சிரமம் குறையும். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். யோசனை தப்பில்லை.

பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, புது பாடியும், தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலி ஜூம் லென்ஸ் ஒன்றும் கொடுத்தேன். வழக்கம்போல் கடை செட்டிங் செய்தேன். அதுவும் என் பழக்கம். புது கேமரா எல்லாவற்றையும் தானே தேர்ந்தெடுக்கும், முகத்தைத் தேடும், கண்ணைத் தேடும். அதையெல்லாம் அணைத்துவிடுவேன். எங்கே ஃபோகஸ் வேண்டும் என்பதை ஆள் தீர்மானிக்கட்டும் என்று ஃபோகஸ் விழும் இடத்தைக் காட்டும் ஒரே ஒரு சின்னப் பெட்டியை நடுவில் வைப்பேன். அந்தப் பெட்டியை நகர்த்த வசதியாக, கண் வியூஃபைண்டரில் இருக்கும்போது பின்பக்க டச் ஸ்கிரீனின் வலது பாதி வேலை செய்யும்படி போட்டுவிடுவேன். கட்டைவிரலால் தேய்த்தால் பெட்டி நகரும். எல்லோருக்கும் பிடித்த வசதி.

வரி விளம்பரப் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். நான்கு மூலையிலும் எழுத்து கத்தி மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் கொண்டுபோனார்.

4. பெட்டி எங்கே இருக்கிறது

ஒன்றரை மாதத்தில் திரும்பி வந்தார். காதில் பென்சில் இருந்தது, முகத்தில் சிரிப்பு இல்லை.

"படம் ஒண்ணும் சரியா உளுகறதில்லீங்கக்கா. பறவை கலங்கலா இருக்குது. பக்கத்துல இருக்கற குச்சி பளிச்சுன்னு இருக்குது. லென்ஸுல ஏதாச்சும் கோளாறுங்களா?"

வாங்கினேன். டெஸ்ட் செய்தேன். கோளாறு இல்லை. வேறு பாடியில் மாட்டி எடுத்தேன், இல்லை. வாசலில் போய், எதிர்க் கட்டடத்தின் மாடியில் உட்கார்ந்திருந்த காக்காயை எடுத்தேன். காக்காயின் கண் தெரிந்தது.

"கேமரால ஒண்ணும் இல்ல வேலு" என்றேன்.

அவர் எடுத்த மூன்று படங்களைத் திறந்தேன். கேமரா எந்த இடத்தில் ஃபோகஸ் செய்தது என்பதைப் படத்தின் மேல் ஒரு பெட்டியாகக் காட்டும். மூன்றிலும் பெட்டி பறவை மேல் இல்லை. தள்ளி, வலது பக்கம் கீழே இருந்தது.

"பாருங்க. பறவை எங்க இருக்கு, பெட்டி எங்க இருக்கு? பெட்டியைப் பாத்து எடுக்கணும். நீங்க பாக்கல."

"நடுவுலதானுங்க வெச்சேன்."

"நடுவுல வெச்சிருந்தா நடுவுலதான இருக்கும்?"

அவர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கண்ணால வர்ற கோளாறா இருக்குமுங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் எப்படிக் காதில் வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அடிபட்ட காலத்தில் ஆஸ்பத்திரியில் அவரிடம், ஒரு கண்ணில் இப்படிக் காயம் பட்டால் சில பேருக்கு வருடங்கள் கழித்து மற்றக் கண்ணும் பாதிக்கும், ஏதாவது மாற்றம் தெரிந்தால் உடனே வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த வார்த்தையோடுதான் அவர் அத்தனை வருடமும் இருந்தார். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனால் ஒற்றைக் கண் மனிதர் ஒருவர் கண்ணைப் பற்றிக் கேட்கும்போது, கேட்பது லென்ஸைப் பற்றி இல்லை என்று புரிய இவ்வளவெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

"எதுக்கும் ஒரு தடவ டாக்டரைப் பாத்துருங்க" என்றேன். அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார்.

5. கல்யாண லென்ஸ்

அடுத்த முறை வந்தபோது பங்குனி. பத்திரிகை கொடுக்க வந்தார். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மகள் பெயர் நிவேதா, கணிதத்தில் டிகிரி முடிக்கப்போகிறாள் என்பது முன்பே தெரியும். அவளைப் பற்றிப் பேசாமல் அவர் கடையை விட்டு இறங்கியதில்லை.

"மேல படிக்கப் போறான்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஆமாங்க. கோயமுத்தூர்ல எம்.எஸ்சி. சீட்டு வந்திருச்சு. நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன். ரெண்டு நாள் அழுதுச்சு. அப்புறம் சரின்னுருச்சு."

"ஏன் அவசரம்?"

கவுண்டர் கண்ணாடியில் விரலால் கோடு போட்டுக்கொண்டே சொன்னார்.

"கண்ணு போயிட்டிருக்குதுங்கக்கா. கண்ணு தெரியறப்பவே பாப்பா கல்யாணத்தப் பாத்துப்போடலாம்னுதான். ஊட்டுல ஆருகிட்டயும் சொல்லலீங்க. உங்ககிட்டச் சொல்றேன்."

"டாக்டர்கிட்டப் போனீங்களா?"

"போனனுங்க. எழுத்தப் படிக்கச் சொன்னாங்க, படிச்சேன். நல்லாத்தான் இருக்குது, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னாங்க. ஒண்ணும் இல்லைன்னா ஆறு மாசங்கழிச்சு எதுக்குங்க வரச் சொல்றாங்க? நீங்க சொன்னதுல இருந்து நானும் பெட்டியவே பாத்துட்டு இருக்கறனுங்க. கேமராவத் தூக்கறப்ப நடுவுல இருக்குது. பாத்துட்டே இருக்கறப்பவே காணாமப் போயிருது. கொஞ்ச நேரத்துல எங்கியோ மூலைல கெடக்குது. போட்டோ பொய் சொல்லாதுங்களே."

பெட்டி காணாமல் போகிறது என்று அந்த மனிதர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். கேமராவைப் பற்றி இத்தனை வருடம் படித்த எனக்கு, அந்த ஒரு வாக்கியத்தில் அத்தனையும் இருந்தது. எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. என் டெஸ்ட்டில் கோளாறு இல்லை என்று வந்தாயிற்று. அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

"வயசானா அப்படித்தான் வேலு. எனக்கும் பொடி எழுத்து தெரியமாட்டேங்குது. கண்ணாடி மாத்திப் பாருங்க" என்றேன். அப்புறம் நான் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "மண்டபத்துல லைட் எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

மண்டபத்து வெளிச்சத்துக்கு டெலி ஜூம் உதவாது, பிரைம் லென்ஸ் ஒன்று வேண்டும் என்று சொன்னேன். பிரைம் என்றால் ஜூம் கிடையாது, ஆனால் இருட்டிலும் வெளிச்சத்தை வாங்கும். முகம் மட்டும் தெளிவாக, பின்னால் எல்லாம் கரைந்து வரும். மகள் முகத்தை அப்படி எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கும் ஆசை வந்துவிட்டது. பத்திரிகை கொடுக்க வந்தவர் லென்ஸோடு போனார். அந்த லென்ஸில் ஃபோகஸ் ஒரு விரற்கடை தள்ளினாலும் முகம் கரைந்துவிடும். அதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அன்று எங்கள் மாதா கோயிலில் உறவுக்காரப் பிள்ளைக்கு முதல் நற்கருணை இருந்தது.

6. எக்ஸ்சேஞ்ச்

ஆடி கழிந்து ஒரு நாள் மத்தியானம் வந்தார். கேமராப் பையைக் கவுண்டர் மேல் வைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துக்குங்கக்கா. என்ன வெலை வருதோ போட்டுக் குடுங்க."

"வேற சிஸ்டம் பாக்கறீங்களா?"

"இல்லீங்க. போதும்."

பழைய பொருள் வாங்கும்போது உள்ளே இருக்கும் கார்டைப் பார்ப்பது வழக்கம். படங்களை அழிக்கட்டுமா என்று கேட்டேன். "பாப்பா கல்யாணமுங்க. பாருங்க, ஒண்ணுகூட உருப்படி இல்லை" என்றார். மண்டபத்துக்கு வேறு போட்டோகிராபர் இருந்தார், ஆல்பம் வந்துவிட்டது. ஆனாலும் இவர் தன் கையால் நானூறு படம் எடுத்திருந்தார்.

ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முகூர்த்தப் புடவையில் அந்தப் பெண் சிரிக்கிறாள், முகம் பனி மூட்டம். வலது கீழே குத்துவிளக்கு பளிச்சென்று இருக்கிறது. தாலி கட்டுகிற படத்தில் வலது கீழே யாரோ ஒருவரின் கைக்கடிகாரம், மணியே படிக்கலாம். அடுத்ததில் தேங்காய்த் தட்டு. அதற்கடுத்ததில் நாற்காலிக் கால்.

ஐம்பது, அறுபது படம் தாண்டியதும் கை நின்றது. பார்வை மங்குகிற மனிதர் இப்படித் தவறமாட்டார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தவறுவார். இது பார்த்த படம் அத்தனையிலும் ஒரே மூலையில் போய் விழுந்திருக்கிறது.

வரி விளம்பரப் பக்கத்தை எடுத்தேன். என் கையில் எழுத்து தெளிவாக விழுந்தது. அப்போதுதான் அதுவரை யாரிடமும் செய்யாததைச் செய்தேன். கேமராவை அவரிடம் நீட்டினேன்.

"நீங்க எடுங்க வேலு. அந்தப் பேப்பரை எடுங்க."

"எதுக்குங்க இனிமே?"

"எடுங்க."

தூக்கினார். நான் கவுண்டரைச் சுற்றிப் போய் அவர் பின்னால் நின்றேன். இருக்கிற கண் இடது கண். இடது கண்ணை வியூஃபைண்டரில் வைத்தால் மூக்கு எங்கே போகும்? டச் ஸ்கிரீனின் வலது பாதியில் போய் அமுங்கும். அங்கேதான் அமுங்கியிருந்தது. நல்ல நீளமான மூக்கு.

கடையில் நாங்கள் எல்லோரும் வலது கண்ணை வைத்துப் பார்க்கிறவர்கள். எங்கள் மூக்கு இடது பாதியில் படும். அந்தப் பாதியைத்தான் நான் அணைத்து வைத்திருக்கிறேன். அதனால் என் கையில் ஆயிரம் முறை டெஸ்ட் செய்தாலும் கோளாறு வராது. பழைய கேமராவில் டச் ஸ்கிரீனே கிடையாது, அதனால் அவருக்கும் வரவில்லை.

கேமராவை வாங்கி, வாழ்க்கையில் முதல் முறையாக இடது கண்ணில் வைத்துப் பார்த்தேன். நடுவுக்குக் கொண்டுவந்து வைத்த பெட்டி, மூக்கு பட்டதும் வலது கீழ் மூலைக்கு ஓடியது.

மெனுவுக்குள் போய் அந்த ஒரு வரியை அணைத்தேன். அதற்கு நான்கு பட்டன் அழுத்தினால் போதும். பெட்டியை நடுவில் வைத்துத் திரும்பக் கொடுத்தேன். அவர் பேப்பரை எடுத்தார். என்னை எடுத்தார். வாசலில் போய், சிக்னலில் நின்ற லாரியின் பக்கப் பலகையில் எழுதியிருந்த பெயரை எடுத்தார். உள்ளே வந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். என் புருவத்து நரைமுடி எண்ணலாம்போல் இருந்தது.

"மூக்கு, வேலு. உங்க மூக்குதான் பெட்டியத் தள்ளிட்டு இருந்துச்சு. உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. நான் போட்ட செட்டிங். என் தப்பு."

அவருக்கு உடனே புரியவில்லை. இன்னொரு முறை சொன்னேன். மூக்கைத் தடவிக்கொண்டார்.

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?"

"நல்லாத்தான் இருக்கு. டாக்டர் சொன்னது சரி."

அவர் சிரித்த சிரிப்பை நான் மறக்க மாட்டேன். கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூக்கைக் காட்டிக் காட்டி எல்லோருக்கும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மனைவிக்குப் போன் போட்டார். வீட்டில் ஒருவருக்கும் தெரியாத விஷயம் என்பதால் பாதியிலிருந்து தொடங்க முடியவில்லை. "ஒண்ணும் இல்ல, சும்மாதான் கூப்பிட்டேன், வாரேன்" என்று வைத்துவிட்டார்.

வைத்த பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். கேமராவில் கல்யாணப் படங்களுக்குப் பின்னோக்கிப் போய், பனி மூட்டமாக இருந்த அந்த முகத்தில் நிறுத்தினார்.

"பாப்பாவப் படிக்க உட்டிருக்கலாமுங்கக்கா" என்றார்.

பையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக் கொடுத்தேன். விற்காமல் கொண்டுபோனார்.

7. கற்றுக்கொண்டது

மறுநாளிலிருந்து கடையில் வழக்கத்தை மாற்றினோம். கேமராவை முதலில் வாடிக்கையாளர் கையில் கொடுப்போம். எந்தக் கண்ணில் வைக்கிறார், எந்த விரல் எங்கே போகிறது, கண்ணாடி போட்டவரா, மூக்கு எங்கே படுகிறது என்று பார்ப்போம். அதன் பிறகுதான் எந்த சிஸ்டம், எந்த லென்ஸ் என்ற பேச்சு. பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இடது கண்ணில் வைக்கிறவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரிந்தது. அவர்களில் எத்தனை பேரை முன்பு "உங்கள் தவறு" என்று சொல்லி அனுப்பினேனோ, கணக்கில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். நம் கையில் கோளாறு இல்லை என்றால், நம் கையில் கோளாறு இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். வந்தவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

மூக்குக் கதை சேலத்துக் கேமரா கடைகள் எல்லாவற்றிலும் பரவிவிட்டது. நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். மூக்கு வந்ததும் எல்லோரும் சிரிப்பார்கள், நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதற்கு மேல் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. அப்பாவுக்கு மெமரி கார்டு வேண்டும் என்றாள். அப்பா பெயரைச் சொன்னாள். அந்த முகத்தை நான் தெளிவாகப் பார்த்தது அன்றுதான்.

"நீங்கதானுங்களா ரெஜினா அத்தை? அப்பா உங்களப் பத்திப் பேசாத நாளில்லீங்க. கண்ணு போயிருச்சுன்னு பயந்துட்டு இருந்தாராம், நீங்கதான் கண்டுபுடிச்சுச் சொன்னீங்களாம்."

"அப்பா வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லீங்களே. ஏனுங்க?"

அவசரக் கல்யாணத்துக்குக் காரணம் அவளுக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்தான் என்று அந்த நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்தது. கார்டை உறையிலிருந்து எடுத்து டெஸ்ட் செய்தேன். பில் போட்டேன். "ரொம்ப நன்றிங்க அத்தை" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தையின் கையையும் சேர்த்துக் கும்பிட வைத்தாள்.

"பரவாயில்லம்மா" என்றேன்.

அந்தக் கவுண்டரில் நின்று நான் சொன்ன பதில்களிலேயே வெட்கப்படுகிற பதில் அதுதான்.